தண்ணி எங்க போகணும்? – கரிசல் மண்ணுல டர்ஃப் போடுறதுக்கு முன்னாடி

"ஏல தம்பி, எல்லாம் சரி. இந்தத் தண்ணி எங்கல போகணும்?"

போன வருஷம் செப்டம்பர் கடைசியில எங்க பெரியம்மா மகன், அதாவது அண்ணன், என்கிட்ட கேட்ட கேள்வி இது. ரெண்டு பேரும் கோவில்பட்டிக்கு வெளிய, தாத்தா விட்டுட்டுப் போன 18 சென்ட் நிலத்தோட ஓரத்துல நின்னுட்டிருந்தோம். எதிர்ல பாக்ஸ் கிரிக்கெட் டர்ஃபுக்காக நாங்க ரெடி பண்ணி வச்சிருந்த தரை. அதுக்கு மேல கணுக்கால் அளவுக்குத் தண்ணி. மழை நின்னு ரெண்டு நாள் ஆச்சு. தண்ணி மட்டும் இறங்கவே இல்ல.

அண்ணன் எட்டு வருஷம் துபாய்ல இருந்துட்டு ஊருக்கே வந்துட்டார். சேர்த்த பணம் போதாம மதினியோட நகையும் பேங்க்ல இருந்தது. வீட்டுல நான் ஒருத்தன்தான் சிவில் படிக்கிறவன். அதனால "தரை வேலையைத் தம்பி பார்த்துக்குவான்"னு என்னை நம்பி விட்டாங்க. நாலாவது செமஸ்டர்ல சாயில் மெக்கானிக்ஸ் எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருந்தேன். ஆனா அண்ணன் கேட்ட அந்த ஒரு வரிக் கேள்விக்கு அன்னைக்கு என்கிட்ட பதில் இல்ல.

அந்தப் பதிலைத் தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை. இப்போ தமிழ்நாட்டுல சின்ன ஊர்ல கூட டர்ஃப் வந்துடுச்சு. வீட்டு முற்றத்துல, மொட்டை மாடியில கூட செயற்கைப் புல் விரிக்கிறாங்க. நம்ம டிபார்ட்மெண்ட் ஆட்கள் கிட்ட யாராவது ஒரு சொந்தக்காரர் கண்டிப்பா ஐடியா கேப்பார். அப்போ நான் பண்ணின தப்பை நீங்க பண்ணாம இருக்கணும்.

புல்லுல ஓட்டை இருக்கு, மண்ணுல இல்ல

டர்ஃப் விக்கிறவங்க எல்லாரும் சொல்ற ஒரு வாக்கியம்: "புல்லுக்கு அடியில ஓட்டை இருக்கு சார், தண்ணி தானா இறங்கிடும்." பொய் இல்ல. செயற்கைப் புல்லோட பின்பக்கத்துல வரிசையா துளை இருக்கும். மழைத் தண்ணி அது வழியா தாராளமா இறங்கும். ஆனா எதுக்குள்ள இறங்கும்? அதை யாரும் சொல்றதில்ல.

செயற்கைப் புல் உலகத்துல பேர் வாங்கினது 1966ல, அமெரிக்காவுல ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம் ஸ்டேடியத்துல. அது முழுக்கக் கூரை போட்ட ஸ்டேடியம். வெளிச்சம் போதாம உள்ள இருந்த நிஜப் புல் செத்துப் போனதாலதான் செயற்கைப் புல்லுக்கே போனாங்க. அங்க மழைங்கிற பிரச்சினையே கிடையாது. நம்ம டர்ஃப் திறந்த வெளியில, வடகிழக்குப் பருவமழைக்குக் கீழ, கரிசல் மண்ணுக்கு மேல கிடக்குது. கணக்கே வேற.

மண்ணுக்குள்ள தண்ணி எவ்வளவு வேகமா போகும்னு 1856ல பிரான்ஸ்ல டிஜோன் நகரத்துல ஹென்றி டார்சி சொன்ன விதியை நாம எல்லாரும் பரீட்சைக்கு எழுதியிருக்கோம். அதுல வர்ற ஊடுருவு திறன், அந்தச் சின்ன கே, அதை எல்லாரும் பத்தின் அடுக்கா மனப்பாடம் பண்ணிட்டு மறந்துடுறோம். அதையே ஒரு நாள் கணக்காப் போட்டுப் பாருங்க. நல்ல களிமண்ணுக்கு அது வினாடிக்கு ஒரு மீட்டர்ல நூறு கோடியில ஒரு பங்கு. நாளுக்கு 86,400 வினாடி. பெருக்கினா ஒரு நாளைக்கு 0.09 மி.மீ. கூட வராது. 50 மி.மீ. மழைத் தண்ணி அந்த வேகத்துல மண்ணுக்குள்ள இறங்க ஒண்ணரை வருஷம் ஆகும்! வெயில்ல காயிறதுதான் முதல்ல நடக்கும்.

காரணம் துகளோட அளவு. களிமண் துகள் 0.002 மி.மீ.க்கும் கீழ. இடுக்கு ரொம்பச் சின்னது. அதுக்கு மேல நம்ம கரிசல்ல மான்ட்மோரிலோனைட்னு ஒரு கனிமம் இருக்கு. அது தன்னோட அடுக்குகளுக்கு நடுவுல தண்ணியை இழுத்து வச்சு ஊதும். காயும்போது சுருங்கி வெடிக்கும். பருத்திக்கும் உளுந்துக்கும் இதே குணம்தான் வரம். மழை போன பிறகும் ஈரத்தைப் பிடிச்சு வச்சு பயிரை வளர்க்குது. விவசாயிக்கு நல்ல மண்ணு, டர்ஃப் போடுறவனுக்கு வில்லன்.

என் முதல் தப்பு: மே மாசம் ஊத்தின வாளித் தண்ணி

வேலை ஆரம்பிக்கும் முன்ன நான் ஒரு டெஸ்ட் பண்ணினேன். மே மாசம், செம வெயில். நிலத்துல ஒரு குழி தோண்டி ஒரு வாளி தண்ணி ஊத்தினேன். கண்ணு முன்னாடியே தண்ணி காணாமப் போச்சு. "அண்ணே, மண்ணு நல்லா தண்ணி இழுக்குது"ன்னு சொல்லிட்டேன்.

தண்ணியை இழுத்தது மண்ணு இல்ல. வெடிப்பு. கோடையில கரிசல்ல கை நுழையுற அளவுக்கு வெடிப்பு இருக்கும். முதல் மழையில அது மூடிடும். மூடின பிறகுதான் மண்ணோட உண்மையான குணம் தெரியும்.

சரியா பண்ணணும்னா இப்படிப் பண்ணுங்க. ஒரு அடி அகலம், ஒரு அடி நீளம், ஒண்ணரை அடி ஆழத்துக்குக் குழி. தண்ணி நிரப்பி முழுசா இறங்க விடுங்க. திரும்ப நிரப்புங்க. ஒரு ராத்திரி ஊற விட்டா இன்னும் நல்லது. அடுத்த நாள் மூணாவது தடவை நிரப்பி, ஒரு குச்சியில கோடு போட்டு, மணிக்கு எவ்வளவு இறங்குதுன்னு பாருங்க. மணிக்கு அரை இன்ச் கூட இறங்கலேன்னா அந்த மண்ணை நம்பி தண்ணியை விடவே கூடாது. அக்டோபர்ல நான் மறுபடி பண்ணினப்போ சாயங்காலம் நிரப்பின குழியில காலைல ஒரு இன்ச்தான் குறைஞ்சிருந்தது.

லேப் வசதி இருந்தா ஃப்ரீ ஸ்வெல் இன்டெக்ஸும் பாருங்க. ஐ.எஸ். 2720 பகுதி 40. நம்ம லேப்லயே முடியும், செலவே இல்ல. 425 மைக்ரான் சல்லடையில சலிச்ச காஞ்ச மண் 10 கிராம் வீதம் ரெண்டு 100 மில்லி குடுவையில போடணும். ஒண்ணுல மண்ணெண்ணெய், இன்னொண்ணுல காய்ச்சி வடிச்ச தண்ணி. 24 மணி நேரம் கழிச்சு ரெண்டுலயும் மண்ணோட அளவைப் பாருங்க. மண்ணெண்ணெய்ல மண் ஊதாது, தண்ணில ஊதும். வித்தியாசத்தை மண்ணெண்ணெய் அளவால வகுத்தா சதவீதம் கிடைக்கும். எங்க நிலத்து மண்ணு மண்ணெண்ணெய்ல 10 மில்லி, தண்ணில 19 மில்லி. அதாவது 90 சதவீதம். 50ஐத் தாண்டினாலே கவனமா இருக்கணும்.

என் ரெண்டாவது தப்பு: ஒரு வார்த்தை

இது எழுதவே கொஞ்சம் வெட்கமா இருக்கு. இருந்தாலும் எழுதுறேன்.

நான் எல்.கே.ஜி.யில இருந்து இங்கிலீஷ் மீடியம். டிரைனேஜ் பத்தி படிச்சது எல்லாமே இங்கிலீஷ்லதான். அதுல எல்லாம் களிமண்ணுக்கு மேல "கிராவல்" போடணும்னு இருந்தது. நானும் எஸ்டிமேட்ல "6 இன்ச் கிராவல்"னு எழுதி அண்ணன்கிட்ட கொடுத்தேன். அவர் லாரிக்காரர்கிட்ட அப்படியே சொன்னார். நான் காலேஜ்ல இருந்தேன். ஆகஸ்ட்ல 30 யூனிட் வந்து இறங்கி, ரோலர் ஓட்டி, போட்டோ அனுப்பினாங்க. சிவப்பா, மழமழன்னு அழகா இருந்தது. "சூப்பர் அண்ணே"ன்னு பதில் போட்டேன்.

நம்ம ஊர்ல கிராவல்னா என்ன? தரை மேடாக்குறதுக்குக் கொட்டுற செம்மண் கலந்த சரள் மண்ணு. ரோலர் போட்டா நல்லா இறுகிக்கும், அதுக்காகத்தான் ரோட்டுக்கு அடியில போடுறாங்க. இறுகுறதுக்குக் காரணமே அதுல இருக்கிற நுண்ணிய மண்ணுதான். நான் படிச்ச புத்தகத்துல கிராவல்னா மண்ணே இல்லாத கழுவின கல்லு. அதுக்கு நம்ம ஊர்ல பேரு ஜல்லி. லாரிக்காரர் மேல ஒரு தப்பும் இல்ல. கேட்டதைத்தான் கொண்டு வந்தார். தண்ணி போகாத களிமண்ணுக்கு மேல தண்ணி போகாத இன்னொரு மண்ணை, நானே கேட்டு வாங்கிப் போட்டிருக்கேன்.

நல்ல வேளை, புல் ரோல் வர்றதுக்கு லேட் ஆச்சு. அதுக்குள்ள மழை வந்து காட்டிக் கொடுத்துடுச்சு. புல் ஒட்டின பிறகு தெரிஞ்சிருந்தா புல்லையும் உரிச்சு, பசையையும் சுரண்டி, திரும்ப மொதல்ல இருந்து. செலவு ரெண்டு மடங்கு.

எங்களுக்கு வேலை செஞ்ச மேஸ்திரி அண்ணாச்சிதான் சொன்னார்: "தம்பி, நீங்க சொன்னது கிராவலு. உங்களுக்கு வேண்டியது ஜல்லின்னா ஒரு போன் போட்டிருந்தா சொல்லியிருப்பேனே." அன்னைக்கு அவர்கிட்ட உக்காந்து ஒரு லிஸ்ட் எழுதினேன். நீங்களும் வச்சுக்கோங்க:

ஒண்ணரை ஜல்லி: 40 மி.மீ. கல்.
முக்கா ஜல்லி: 20 மி.மீ. கல்.
சிப்ஸ் அல்லது பேபி ஜல்லி: 6 மி.மீ. கல்.
கிரஷர் டஸ்ட்: கல் அரைக்கும்போது வர்ற தூள். நுண்ணிய பொடி அதிகம் இருந்தா தண்ணியை அடைக்கும்.
எம்-சாண்ட்: அரைச்சு, கழுவி, சலிச்ச மணல்.
கிராவல், சரள்: மண்ணு. டிரைனேஜுக்கு ஆகாது.

முதல்ல வெளியேறும் வாய், அப்புறம்தான் மத்ததெல்லாம்

இப்போ அண்ணனோட கேள்விக்கு வருவோம். களிமண்ணுல தண்ணியை "கீழ இறக்குற" ஐடியாவையே விட்டுடணும். தண்ணியை வெளிய கூட்டிட்டுப் போகணும். அதனால டிசைன் புல்லுல ஆரம்பிக்காது. தண்ணி கடைசியா விழுற இடத்துல ஆரம்பிக்கும்.

ஜல்லியை மட்டும் போட்டுட்டு வெளிய வழி விடலேன்னா என்ன ஆகும்? களிமண்ணுல தோண்டின குழி ஒரு சிமெண்ட் தொட்டி மாதிரி. ஜல்லி இடுக்கு எல்லாம் தண்ணி நிரம்பி அங்கேயே நிக்கும். அடியில கரிசல் அதைக் குடிச்சுக் குடிச்சு ஊதும். மேல சமமா இருந்த தரை மேடும் பள்ளமுமா ஆகும். குழாய் இருந்தா அது தொட்டி, குழாய் இல்லேன்னா அது குட்டை.

எங்க நிலத்துல இருந்து 40 மீட்டர் தூரத்துல, புறம்போக்குல ஒரு ஓடை இருக்கு, கண்மாய்க்குப் போறது. அண்ணாச்சியும் நானும் தண்ணி டியூப் வச்சு மட்டம் பார்த்தோம். ஆட்டோ லெவல் இல்லேன்னு கவலைப்படாதீங்க. 40 மீட்டருக்கு ரெண்டு மூணு தடவை மாத்தி மாத்தி வச்சா டியூப் லெவலே போதும். ஓடையோட தரை எங்க கிரவுண்டை விட நாலரை அடி கீழ இருந்தது. சுமார் 137 செ.மீ.

போதுமா? குழாய் ஆரம்பிக்கிற ஆழம் 45 செ.மீ. கிரவுண்டோட 100 அடி நீளத்துக்கு 1 சதவீதச் சரிவு விட்டா இன்னும் 30 செ.மீ. அப்புறம் 40 மீட்டர் தூரத்துக்கு அதே சரிவுல 40 செ.மீ. மொத்தம் 115. ஓடை 137. பொருந்துது. 22 செ.மீ. மிச்சம். இந்தக் கணக்கு வரலேன்னா அந்த இடத்துல ரெண்டே வழி: கிரவுண்டை உயர்த்தணும், இல்ல சம்ப் கட்டி மோட்டார் வைக்கணும். அதை முதல் நாளே தெரிஞ்சுக்கிறது நல்லது.

இங்க ரெண்டு எச்சரிக்கை. பக்கத்து நிலத்துக்குள்ள தண்ணியைத் திருப்பி விடக் கூடாது. ஓடைல விடுறதுன்னா பஞ்சாயத்துல கேட்டுட்டுச் செய்யுங்க. இன்னொண்ணு, டர்ஃப் மேல தூவுற ரப்பர் துகளும் சிலிக்கா மணலும் மழையோட வரும். அது ஓடைக்கும் கண்மாய்க்கும் போகக் கூடாது. குழாய் வெளிய போற இடத்துக்கு முன்னாடி ஒரு சின்னத் தொட்டி கட்டி வலை வைங்க. அதுல தேங்குறதை மாசா மாசம் அள்ளணும். ஓடை நிரம்பினா தண்ணி திரும்பி வராம இருக்கக் குழாய் முனையில ஒரு ஃப்ளாப் வால்வும் வேணும்.

"மழைநீர் சேகரிப்புக் குழில விட்டுடலாமே?"ன்னு கேப்பீங்க. மேல சொன்ன குழி டெஸ்ட்தான் பதில். கரிசலுக்குள்ளேயே முடியுற குழி நிரம்பி நிக்கும். களிமண்ணைத் தாண்டி தண்ணி போற அடுக்கு வரைக்கும் ஆழம் போனாதான் அது வேலை செய்யும்.

எவ்வளவு தண்ணி, எவ்வளவு குழாய்

கிரவுண்டு 100 அடிக்கு 60 அடி. 6,000 சதுர அடி, மீட்டர்ல சுமார் 557 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்துல 50 மி.மீ. மழைன்னு வச்சுக்குவோம். 557ஐ 0.05ஆல பெருக்கினா சுமார் 27.9 கன மீட்டர். 27,900 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணி லாரி ரெண்டுக்கு மேல! ஒரு மணி நேரத்துல! வினாடிக்கு சுமார் 7.7 லிட்டர்.

இப்போ மேனிங் சமன்பாடு. 110 மி.மீ. பி.வி.சி. குழாய், 1 சதவீதச் சரிவு, முழுசா ஓடினா வினாடிக்கு 7 லிட்டருக்குக் கொஞ்சம் கம்மியாதான் வருது. ஒரே குழாய்னா பத்தாது. நாங்க கிரவுண்டோட நடுவுல முதுகு மாதிரி உயர்த்தி ரெண்டு பக்கமும் சரிச்சோம். அதனால ஒவ்வொரு பக்கக் குழாய்க்கும் பாதித் தண்ணி, 3.9 லிட்டர். 110 மி.மீ. தாராளம். ரெண்டும் சேர்ந்து ஓடைக்குப் போற குழாய் மட்டும் 160 மி.மீ.

இன்னொரு சந்தோஷமான விஷயம். கழுவின ஜல்லியில 35 சதவீதம் அளவுக்கு வெற்றிடம் இருக்கும். ஒரு அடி ஜல்லின்னா அதுக்குள்ள 100 மி.மீ. மழை தற்காலிகமா உக்காரும். மேல ஆட்டம் நடக்கும், கீழ குழாய் மெதுவா வடிச்சுட்டிருக்கும்.

இது எல்லா மழைக்கும் தாங்குமான்னா, தாங்காது. 2023 டிசம்பர்ல எங்க தூத்துக்குடி மாவட்டத்துல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 செ.மீ. கொட்டுச்சு. அதுக்கு எந்தக் குழாயும் பதில் சொல்லாது. நாம டிசைன் பண்றது வருஷா வருஷம் வர்ற மழைக்கு.

அடுக்கு அடுக்கா

மழைக்காலத்துல கரிசல்ல வேலையே செய்ய முடியாது. மண்ணு காலைப் பிடிச்சுக்கும், ரோலர் புதையும். அதனால தை மாசம் வரைக்கும் காத்திருந்தோம். நகைக்கு வட்டி ஓடிட்டிருந்தது. அந்த மூணு மாசம் மதினி என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அதுதான் எனக்கு அதிகமா வலிச்சது.

தை பிறந்த பிறகு செஞ்சது இது:

1. கிராவலை வழிச்சு எடுத்தோம். வீணாக்கல. வண்டி நிறுத்துற இடத்தை மேடாக்கவும் வெளித் தண்ணி உள்ள வராம சுத்தி வரப்பு போடவும் அது சரியான பொருள். பக்கத்து நிலத்துத் தண்ணி நம்ம ஜல்லிக்குள்ள வந்தா நம்ம கணக்கெல்லாம் பொய்யாயிடும்.

2. கரிசல் தரையை நடு முதுகுல இருந்து ரெண்டு பக்கமும் 1 சதவீதம் சரிச்சு வெட்டினோம். 30 அடிக்குச் சுமார் 9 செ.மீ. இறக்கம். சரிவு மேல புல்லுல மட்டும் இருந்தா போதாது, அடி மண்ணுலயே இருக்கணும். ஏன்னா தண்ணி ஓடப் போறது அங்கதான்.

3. மேல் அரை அடி மண்ணுல நீத்தின சுண்ணாம்பு கலந்தோம். கரிசலுக்குப் பொதுவா 3 முதல் 5 சதவீதம் கலப்பாங்க. சுண்ணாம்புல இருக்கிற கால்சியம் களிமண்ணோட ஒட்டும் குணத்தையும் ஊதுற குணத்தையும் குறைக்கும். லேசான ஈரத்துல கலந்து, ரோலர் போட்டு, ஒரு வாரம் விட்டோம். கை உறை, கண்ணாடி இல்லாம சுண்ணாம்பைத் தொடாதீங்க.

4. ரெண்டு நீளப் பக்கமும் ஒரு அடி அகலத்துக்கு வாய்க்கால். நடுவுல இருந்து அதுக்கு 5 மீட்டருக்கு ஒண்ணு சாய்வா கிளை வாய்க்கால். உள்ள ஓட்டை போட்ட குழாய், சுத்தி முக்கா ஜல்லி, மொத்தத்தையும் சுத்தி ஜியோடெக்ஸ்டைல் துணி. ஓட்டை கீழ் பக்கமா இருக்கணும். எல்லாரும் மேல் பக்கமாதான் வைப்பாங்க, நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். வாய்க்கால்ல தண்ணி அடியில இருந்து ஏறி வரும். ஓட்டை கீழ இருந்தா மட்டம் கொஞ்சம் ஏறும்போதே குழாய்க்குள்ள புகுந்துடும், மேல இருந்து விழுற மண்ணும் உள்ள போகாது.

இந்த மாதிரி வாய்க்காலுக்கு "பிரெஞ்ச் டிரெயின்"னு பேரு. பிரான்ஸுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஹென்றி ஃபிளாக் பிரெஞ்ச்னு ஒரு அமெரிக்கர் 1859ல பண்ணை வடிகால் பத்தி எழுதின புத்தகத்தால வந்த பேரு. அப்பவே இதை விவசாய நிலத்துக்குச் சொல்லிட்டாங்க.

5. தரை முழுக்க நெய்யாத ஜியோடெக்ஸ்டைல் துணி. இது இல்லேன்னா ரெண்டு மழையில களிமண்ணு ஜல்லி இடுக்குல ஏறி அடைச்சுடும். துண்டு துண்டா விரிக்கும்போது ஒரு அடியாவது ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கணும். பணம் இருந்தா, ரொம்ப ஊதுற மண்ணுக்கு இந்த இடத்துல தண்ணி புகாத ஷீட்டே போடலாம். எங்களுக்குக் கட்டுப்படியாகல.

6. ஒண்ணரை ஜல்லி 6 இன்ச், அதுக்கு மேல முக்கா ஜல்லி 4 இன்ச், மேல சிப்ஸ் 2 இன்ச். மொத்தம் ஒரு அடி. 6,000 சதுர அடிக்கு 6,000 கன அடி, அதாவது 60 யூனிட். ஒவ்வொரு அடுக்குக்கும் ரோலர். ஏன் இந்த வரிசை? மேல இருக்கிற சின்னக் கல்லு கீழ இருக்கிற பெரிய கல்லோட இடுக்குல விழுந்துடக் கூடாது. டெர்சாகியோட ஃபில்டர் விதின்னு படிச்சோமே, கீழ் அடுக்கோட டி-15 மேல் அடுக்கோட டி-85ஐப் போல 4, 5 மடங்குக்குள்ள இருக்கணும்னு, அது இதுதான். பரீட்சையில ரெண்டு மார்க் கேள்வி. இங்க அண்ணனோட ரெண்டு வருஷச் சம்பாத்தியம்.

வீட்டு முற்றத்துக்கு

இவ்வளவும் வீட்டுக்கு வேணுமான்னு பயப்படாதீங்க. 20 அடிக்கு 15 அடி முற்றம்னா 300 சதுர அடி. அதே 50 மி.மீ. மழைக்கு சுமார் 1,400 லிட்டர். வீட்டுச் சுவர்ல இருந்து வெளிப்பக்கமா 1 சதவீதத்துக்குக் குறையாம சரிவு, துணி, 4 இன்ச் முக்கா ஜல்லி, 2 இன்ச் சிப்ஸ், தாழ்ந்த ஓரத்துல ஒரே ஒரு ஓட்டைக் குழாய், அது வெளிய போக ஒரு வழி. முக்கியமா மாடித் தண்ணி இறங்குற குழாயை முற்றத்துல விடாதீங்க. தனியா வெளிய கொண்டு போயிடுங்க. முற்றம் தேங்குற நிறைய வீட்டுல மழையை விட மாடித் தண்ணிதான் காரணமா இருக்கும்.

"களிமண்ணுல கொஞ்சம் மணல் கலந்தா சரியாகாதா?"ன்னும் கேப்பாங்க. கொஞ்சம் கலந்தா ஆகாது. மணல் துகளுக்கு நடுவுல இருக்கிற இடுக்கு முழுக்க களிமண்ணே நிரப்பிடும், காஞ்சா செங்கல் மாதிரி ஆயிடும். அந்த மணல் காசை ஜல்லில போடுங்க.

புல் விரிக்கிறதுக்கு முந்தின நாள்

இதை மட்டும் தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. சிப்ஸ் அடுக்கு முடிஞ்சதும் புல் ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு லாரி தண்ணி வரவழைச்சு கிரவுண்டுல விடுங்க. மூணு விஷயம் பாருங்க. மேல எங்கயாவது தேங்குதா? குழாய் முனையில எவ்வளவு நேரத்துல தண்ணி வருது? வர்ற தண்ணி கலங்கலா இருக்கா, தெளிவா இருக்கா? ஆரம்பத்துல ஜல்லித் தூள் கலந்து வரும், கொஞ்ச நேரத்துல தெளியணும். தெளியவே இல்லேன்னா எங்கயோ துணி கிழிஞ்சு மண்ணு வருதுன்னு அர்த்தம்.

நாங்க விட்டப்போ நாலு நிமிஷத்துல ஓடைப் பக்கம் தண்ணி வந்தது. அண்ணன் ஓடைக்குள்ள இறங்கி நின்னு "வந்துட்டுல!"ன்னு கத்தினார். அந்தச் சத்தம் என் டிகிரியை விடப் பெருசு. வடமேற்கு மூலையில மட்டும் கொஞ்சம் தேங்குச்சு. கிளை வாய்க்கால்ல ஜல்லி சரியா இறுகாம அமுங்கியிருந்தது. ரெண்டு கூடை சிப்ஸ், ரோலர், முடிஞ்சது. புல்லுக்கு அடியில இருந்திருந்தா அதைக் கண்டே பிடிச்சிருக்க மாட்டோம்.

ஏப்ரல்ல டர்ஃப் திறந்தாச்சு. ஆனா எனக்கு நிஜப் பரீட்சை இந்த அக்டோபர்தான். ஹாஸ்டல்ல மழைச் சத்தம் கேக்கும்போதெல்லாம் வயித்துல புளி கரைச்சது. போன வாரம் ராத்திரி ஒன்பது மணிக்கு அண்ணன் போன் பண்ணினார். ஊர்ல ஒண்ணரை மணி நேரம் அடிச்சு ஊத்தியிருக்கு. "பசங்க விளையாட ஆரம்பிச்சுட்டானுவ"ன்னு சொன்னார். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "மதினி உனக்கு கடலை மிட்டாய் எடுத்து வச்சிருக்கா, தீபாவளிக்கு வா"ன்னார்.

அந்த மூலை இன்னும் மத்த இடத்தை விட ஒரு பத்து நிமிஷம் லேட்டாதான் காயுதாம். லீவுக்குப் போனா அதைத் திரும்பப் பார்க்கணும்.

உங்ககிட்ட யாராவது டர்ஃப் போட ஐடியா கேட்டா, புல்லோட கலர், உயரம், விலை எல்லாத்தையும் அப்புறம் பேசிக்கலாம். முதல்ல அந்த நிலத்துல அவங்களோட நின்னு, எங்க அண்ணன் கேட்ட கேள்வியைக் கேளுங்க. அதுக்குக் கை நீட்டி ஒரு இடத்தைக் காட்ட முடிஞ்ச பிறகு லாரிக்குச் சொல்லுங்க. சொல்லும்போது மறக்காம ஜல்லின்னு சொல்லுங்க.